புஸ்ஸக்கா

அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான் என்று ஆம்பூரில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். வைத்தது என்னோடு ஷெட்டில் வேலை செய்த தேவி. நான் பரப்பினேன், அவ்வளவுதான்.

எங்களுடையது மரப்பெட்டி ஷெட். தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் பெட்டி அடித்துக் கொடுக்கிற வேலை. அடிக்கிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். அதிலும் முக்கால்வாசி ஷூ கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்கள். சுத்தியலைத் தொடவே மாட்டோம். ஏர் கன்தான். கம்ப்ரசரிலிருந்து ஓஸ் என்கிற ரப்பர் குழாய் வழியாகக் காற்று வரும். கன்னின் மூக்கைப் பலகையில் அழுத்தி விரலை இழுத்தால் விரல் நீள ஆணி ஒரே போடாக உள்ளே போய்விடும். பலகைக்குத்தான் போகும் என்றில்லை, கை இருந்தால் கைக்கும் போகும். அதனால் கன்னைக் கீழே வைப்பதற்கு முன்னால் ஓஸைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் காற்று ‘புஸ்’ என்று வெளியே வரும். கன் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கன்னைப் போட்டுவிட்டு டீக்கு ஓடுவோம். எங்களோடு ஆணி அடிக்கிற அக்கா மட்டும் ஓடமாட்டாள். கைப்பிடியின் அடியில் ஓஸ் மாட்டும் வாய் இருக்கிறதல்லவா, அதைக் கன்னத்தில் வைத்துக் காற்று இறங்கி முடிகிறவரை நின்று பார்ப்பாள். தன் கன்னோடு விட்டாலும் பரவாயில்லை. எங்களுடையதையும் பிடுங்குவாள். “இன்னாடி அவசரம்? டீ எங்க ஓடியா போய்டும்? காத்து எறங்குச்சா? இங்க குடு.” மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, மறுபடி கன்னத்தில் வைத்து, அப்புறம்தான் விடுவாள். அதற்குள் வடை தீர்ந்துபோயிருக்கும்.

யாராவது கோபமாகக் கத்தினாலும் அதே வைத்தியம்தான். எதிரே வந்து நின்று, அவர்கள் இடுப்பிலிருந்து ஓஸைக் கழற்றுகிற மாதிரி கையை இழுத்து, “புஸ்ஸுன்னு எறக்குடி” என்பாள். கத்தினவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அப்படித்தான் அவள் புஸ்ஸக்கா ஆனாள். அவளிடம் சொன்னபோது, “நல்லாத்தான் கீது” என்றாள்.

இன்னொரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். கத்தி, கத்தரிக்கோலைக் கொடுக்கும்போது பிடியை அடுத்தவர் பக்கம் திருப்பிக் கொடுப்போமில்லையா, அந்த மாதிரி காற்று இறக்கிய கன்னை மூக்கைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்து, பிடியை வாங்குகிறவர் பக்கம் நீட்ட வேண்டும். ‘நான் பார்த்துட்டேன், இது செத்த கன், நம்பி வாங்கிக்கோ’ என்று வாயைத் திறக்காமல் சொல்வது. வெளியாள் யாராவது பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்களுக்கு அது மரியாதை.

அக்காவுக்குக் காது கேட்காது என்பது எனக்குச் சர்ச்சில்தான் தெரிந்தது.

ஜெபம் சொல்லும்போது கண்ணை மூடாத ஒரே ஆள் அவள். எல்லோரும் தலை குனிந்திருக்க, அவள் மட்டும் நிமிர்ந்து பாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்தி இல்லாதவள் என்று பின் வரிசைக்காரிகள் பேசிக்கொண்டார்கள். கண்ணை மூடியிருந்த எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒருநாள் அவளுக்கு நேர் பின்னால் நான். அவள் முந்தானை அவள் பெஞ்சின் சாய்வுப் பலகை ஆணியில் மாட்டிக்கொண்டது. “அக்கா, எழுந்திரிக்காத” என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன். பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள், புடவை கிழிந்தது. அப்போதுதான் திரும்பி என் வாயைப் பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“எத்தினி பேருக்குத் தெரியும்?”

“எனக்கே இப்பதான் தெரியும்.”

“உன்னோட நிக்கட்டும்.”

அவள் ஷூ கம்பெனியில் ஹீலுக்கு ஆணி அடிக்கிற மெஷினில் வருஷக்கணக்காக நின்றவள். காது ஒரேயடியாகப் போகவில்லை, தவணை முறையில் போயிருக்கிறது. “மொதல்ல குக்கர் விசில் போச்சு. அப்புறம் கோயில் மணி. உன் கொரலு மட்டும் ரொம்ப நாளு தாக்குப் புடிச்சுதுடி, அவ்ளோ கேவலமான கொரலு” என்று சிரித்தாள். காதில் மெஷின் வைத்துக்கொள்ளேன் என்றேன். “காதுல மெஷின் வெச்ச பொம்பள கையில ஆணிக் கன்ன எவன்டி குடுப்பான்?” என்றாள். அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை. மகள் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கன்தான் அவளுக்கு எல்லாம்.

ஷெட்டில் அவள் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் அவள் சாமர்த்தியம் பாதி, கம்ப்ரசர் பாதி. அந்தச் சனியன் ஓடிக்கொண்டிருந்தால் எல்லோரும் முகத்துக்கு முகம் வந்து வாயை அகலத் திறந்து கத்தித்தான் பேசியாக வேண்டும். வாயைப் பார்த்துப் படிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஷெட்டில் யாருக்கும் பாதிப் பேச்சு காதில் விழாது, அவளுக்கு மட்டும் முழுசும் தெரியும். யார் மாமியார் யாரை என்ன சொன்னாள், யார் வீட்டில் சீட்டு எடுத்தார்கள், எல்லாம் அவளிடம்தான் இருக்கும். டீ நேரத்தில் அவளைச் சுற்றித்தான் கூட்டம். நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் முழங்காலைத் தட்டுவேன். இந்தத் திருட்டுத்தனத்தில் எனக்கு நெஞ்சுவலி வராதது ஆண்டவர் கிருபை.

அப்புறம்தான் ஏலகிரி வேலை வந்தது.

எங்கள் ஓனரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி ஆர்டர் கம்மியாகிப் போகவே, பாய் மலை மேல் மரவீடு கட்டிக்கொடுக்கிற காண்ட்ராக்ட் எடுத்தார். டூரிஸ்டுகள் தங்குகிற மாதிரி குட்டிக் குட்டி வீடுகள். சுவருக்குச் சட்டம், கூரைக்குச் சட்டம், எல்லாம் பைன் மரம். சட்டத்தின் மேல் பலகை. “பெட்டி அடிக்கிறவங்களுக்கு வீடு அடிக்க இன்னா? பெரிய பொட்டின்னு நெனச்சிக்கோங்கம்மா” என்றார். கோடை சீசனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். தினமும் காலையில் வேனில் கொண்டைஊசி வளைவெல்லாம் சுற்றி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேருவோம்.

மலையில் கம்ப்ரசர் படுத்திய பாடு சொல்லி மாளாது. கரண்டு வந்தால் வோல்டேஜ் இருக்காது. முக்கி முக்கி நின்றுவிடும். ஜெனரேட்டர் போட்டால் அதையும் கம்ப்ரசரையும் நிறுத்தத் தூரத்தில் ரோட்டோரம்தான் இடம். அங்கிருந்து சரிவில் ஓஸை இழுத்துக்கொண்டு வர வேண்டும். பாறையில் மாட்டும், வேரில் மாட்டும். அதைவிட மோசம், கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடுவதால் இடம் நிசப்தமாகிவிடும். மலை நிசப்தத்தில் யாரும் கத்துவதில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று சாவகாசமாகப் பேசுவார்கள். அக்கா கோழி மாதிரி நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

முதல் வீட்டுக் கூரையில் நான் விழுந்தேன். சட்டத்தின் மேல் கால் வைத்து நடந்துகொண்டிருந்தேன். கீழே ஓஸ் எதிலோ மாட்ட, கையிலிருந்த கன் வெடுக்கென்று பின்னால் இழுத்தது. கன்னை விட்டுவிட்டேன், என்னைப் பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் அகப்படவில்லை. குறுக்குச் சட்டத்தில் இடித்து மணல் குவியலில் விழுந்ததால் தொடையில் கிழிசலோடு போனது. ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் கல். அக்கா ஏணியில் இறங்கி ஓடி வந்து, முதலில் என் தலையைத் தொட்டுப் பார்த்து, அப்புறம் கன்னைத் தேடி ஓஸைக் கழற்றி, கன்னத்தில் வைத்துக்கொண்டே அழுதாள்.

பாய் மறுநாளே, “இது சரிப்படாது, பேட்டரி கன்னு வாங்கிடலாம்” என்றார். ஓஸும் வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம். கன்னுக்குள்ளேயே மோட்டார், அடியில் பேட்டரி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கம்ப்ரசரே இல்லையென்றால் நாள் பூராவும் நிசப்தம். அக்கா எத்தனை நாள் தாங்குவாள்?

தொடையில் கட்டோடு, என்னைக் கீழே தள்ளின ஓஸுக்காக நானே வாதாடினேன். பேட்டரி கன் வெயிட்டு ஜாஸ்தி, கை விட்டுப்போகும் என்றேன். ஈர மரத்தில் ஆணி முழுசாக இறங்காது, தலை துருத்திக்கொண்டு நிற்கும் என்றேன். பனியில் பேட்டரி படுத்துவிடும் என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஸ்டெல்லா, உன்னைத்தானம்மா அது கூரைலேர்ந்து தள்ளுச்சு. இன்னா பேஜாரு உனக்கு?”

“ஏர் கன்னுதான் பாய் நம்ம கைக்குப் பழக்கம்.”

“அக்கா சொல்லட்டும். அவங்க எது சொல்றாங்களோ அதுதான்” என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் மூடாத அக்கா, “கையில புடிச்சுப் பாத்துட்டு சொல்றேன் பாய்” என்று மட்டும் சொன்னாள்.

ரெண்டு நாள் கழித்துப் பேட்டரி கன்னைக் காட்ட கம்பெனிக்காரப் பையன் ஒருவன் வந்தான். டை கட்டிக்கொண்டு மலை ஏறியவனை அன்றுதான் பார்த்தேன். வெறும் சட்டத்தில் நாலு ஆணி அடித்துக் காட்டினான். ஓஸ் இல்லாமல் அது பாட்டுக்கு அடிப்பதைப் பார்த்து தேவி வாயைப் பிளந்தாள். அவன் பேசிக்கொண்டே போனான். அவன் சொன்னதில் எனக்குப் பாதிக் கவனம்தான்; அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்கிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி மாட்டுவதை எங்களைப் பார்த்துச் சொன்னான். ஆணி போடுவதை எங்களைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் குனிந்து பெட்டியில் எதையோ தேடிக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, “மூக்கை எங்கயாவது அழுத்தினா உள்ள மோட்டார் சுத்த ஆரம்பிக்கும், உய்ங்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா கன் ரெடின்னு அர்த்தம். அப்ப விசையை விரலால லேசா அழுத்தினாலே ஆணி போய்டும்” என்றான்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பலகை மேல் கிடந்த கன்னைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெயிட்டுப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பி அடியில் பார்த்தாள். ஓஸ் இல்லை, ஓஸ் மாட்டும் வாயும் இல்லை. வழக்கப்படி அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்தாள். காற்று வரவில்லை. ஷூ கம்பெனியிலும் ஷெட்டிலுமாக இத்தனை வருஷம் நாங்கள் எல்லோரும் படித்தது ஒரே பாடம்: ஓஸ் மாட்டாத மெஷினுக்கு உயிர் கிடையாது. பேட்டரி மாட்டியிருந்தது அவள் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை. என் பக்கம் திரும்பி, மூக்கைத் தன் வயிற்றில் வைத்து, பிடியை எனக்கு நீட்டினாள்.

நானும் பழக்க தோஷத்தில் வாங்கினேன். பிடியைப் பிடிக்கிற கைக்கு விரல் போய் உட்காருகிற இடம் ஒன்றுதான், விசை.

உய்ங் என்று கேட்டது.

அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. தேவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கம்பெனிக்காரன் குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டான். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, “எடுத்துக்கோடி, நீ சொன்னாப்பல வெயிட்டு ஜாஸ்திதான்” என்று இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். என் விரல் அந்த விசையின் மேல் இருந்தது. விரலை எடுக்க வேண்டும். ஆனால் விரல் அசைந்தாலே அழுத்திவிடுமோ என்று பயம். கத்தினால் மற்றவர்கள் பதறுவார்கள், அவளுக்குக் கேட்காது. அவள் கண்ணைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, “அசையாத” என்றேன்.

அவள் படித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் விரலை மெதுவாக வெளியே எடுத்தேன். கன்னை அவள் வயிற்றிலிருந்து விலக்கித் தரையைப் பார்க்கத் திருப்பினேன். கம்பெனிக்காரன் ஓடிவந்து பேட்டரியைப் பிடுங்கினான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தார். “அக்கா, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலியா?” என்றார். அவள் திரும்பவில்லை. “அக்கா” என்று மறுபடி கூப்பிட்டார். அவள் என் தொடையில் கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்காலைத் தட்டியிருக்கலாம். தட்டி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. பாய் மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

அவள் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “சரி, தெரிஞ்சிடுச்சு” என்றாள்.

பாய் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் எதிரே வந்து நின்று, “நீங்களே சொல்லுங்க அக்கா. உங்க இஷ்டம்தான். ஏரா, பேட்டரியா?” என்று வாயை மெல்ல மெல்லத் திறந்து கேட்டார்.

“பேட்டரிதான் பாய். சந்தேகமே வேணாம். எனக்காவ இவளுங்க கூரை மேல ஓஸை இழுத்துக்கினு நடக்கணுமா? இவ விழுந்த அன்னிக்கே சொல்லியிருப்பேன், தைரியம் வரல.”

“அப்ப நீங்க?”

“கன்னு எனக்கு வேணாம். அளவு போட்டுத் தரேன்.”

பாய் நல்லவர். அவளை அனுப்பவில்லை. கீழே நிழலில் மேஜை போட்டு, மரத்தில் கோடு போட்டுக் கொடுக்கிற வேலை கொடுத்தார். பேட்டரி கன்கள் வந்தன, வேலை மளமளவென்று நடந்தது, யாரும் விழவில்லை. அக்காவின் வேலையும் போகவில்லை, மகள் படிப்பும் நிற்கவில்லை. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சீசனுக்குச் சரியாக எல்லா வீடும் முடிந்தது. கடைசி நாள் பாய் பிரியாணி வரவழைத்தார். அக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தேவி அவளைக் கடந்து போகும்போது கையை வாயருகே கொண்டுபோய், போதுமா என்று விரலை ஆட்டினாள். இன்னொருத்தி தண்ணீர் வேண்டுமா என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அக்கா ரெண்டு பேருக்கும் தலையாட்டினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், “நான் நாளைலேர்ந்து வரலடி” என்றாள்.

“ஏன்க்கா? பாய் எதுனா சொன்னாரா?”

“அவரு தங்கம்.” பிரியாணியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். “கேக்காதுன்னு தெரியாதப்போ ஊர்க்கதை பூரா என்கிட்டதான் வந்துச்சு. யாரு புருஷன் அடிச்சான், யாருக்குப் புள்ள தங்கல, எல்லாம். இப்ப சோறும் தண்ணியும்தான் கேக்கறாளுங்க. அதுவும் கையால. வாயைத் தொறந்து சொன்னா எனக்குப் புரியாதா? அந்த நாளு வரைக்கும் புரிஞ்சிக்கினுதான இருந்தேன்?”

வாணியம்பாடியில் ஒரு பெட்டி ஷெட்டில் வேலை பேசிவிட்டதாகச் சொன்னாள். அங்கே பெரிய கம்ப்ரசர், எல்லாம் ஏர் கன், இருபத்து நாலு மணி நேரமும் ஓடுமாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

“அக்கா, உன் கால்ல விழறேன். அங்க போய் மொதல்லயே சொல்லிடு. அன்னிக்கு என் விரலு கொஞ்சம் அசைஞ்சிருந்தா நீ இன்னிக்கு இல்ல. அங்க எவ விரலு எப்படி இருக்குமோ!”

அவள் என் வாயைக் கடைசிவரை கவனமாகப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூடத் தவறவிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

“சொன்னா அங்கயும் பேச மாட்டாளுங்கடி” என்றாள்.